கதை போன தடம்

மதுரை கே.கே. நகரில் திரைக்கதை எழுதுகிறவர், எழுதி முடித்ததும் மாட்டுத்தாவணியில் சென்னை பஸ் ஏறுவார். கதைக்குப் பாதுகாப்பு என்ன என்று கேட்டால், “எழுத்தாளர் சங்கத்தில் பதிந்தாயிற்று” என்பதே பெரும்பாலும் பதில். பதிவு வேண்டும்தான். ஆனால் இந்தக் கதை இந்தத் தேதியில் உங்களிடம் இருந்ததா என்ற ஒரு கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். வழக்கென்று வந்தால் நீதிமன்றம் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கும். உங்கள் கதை எதிர்த்தரப்பின் கைக்கு எப்படிப் போனது? அவர்கள் எடுத்தது கருவையா, நீங்கள் எழுதிய காட்சிகளையா? இந்த இரண்டுக்குமான சான்றை எந்த அலுவலகமும் உங்களுக்காக வைத்திருக்காது. எழுதுகிறவர்தான் முதல் நாளிலிருந்து சேர்த்துவைக்க வேண்டும்.

கடைசிக் கேள்வியிலிருந்தே வேலையைத் தொடங்குவது நல்லது, பெரும்பாலான வழக்குகள் தோற்பது அங்கேதான். ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியர் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற நாடகத்தை எழுதி 1954-ல் டெல்லியில் மேடையேற்றினார். பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும் பிரதேச வெறியால் முட்டிக்கொள்ளும் கதை. சினிமா இயக்குநர் ஒருவர் அவரைத் தேடிவந்து கதையை முழுக்கக் கேட்டுப் போனார். 1956-ல் அதே பிரச்சினையை வைத்து ‘நியூ டெல்லி’ படம் வந்தது. கதை எதிர்த்தரப்புக்குப் போனது தெளிவாக இருந்தும் 1978-ல் உச்ச நீதிமன்றம் ஆனந்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கருவுக்கும் கதைப்பொருளுக்கும் காப்புரிமை கிடையாது, அவை சொல்லப்பட்ட விதத்துக்குத்தான் உண்டு என்றது. இரண்டு படைப்புகளையும் பார்த்த ஒருவருக்கு, ஒன்று மற்றதன் நகல்தான் என்ற எண்ணம் சந்தேகமில்லாமல் எழ வேண்டும் என்பது அன்று வகுத்த அளவுகோல். இன்றைக்கும் அதுதான் நடைமுறை.

ஆகவே முதல் வேலை, ஒன்லைனோடு நிற்காமல் எழுதி முடிப்பது. நான்கு வரிக் கதையைப் பதிந்து வைத்தவரிடம் காப்பாற்றுவதற்கு அந்த நான்கு வரிதான் இருக்கிறது. காட்சி வரிசை, பாத்திரங்களின் பின்னணி, திருப்பம் வரும் இடம், அது வரக் காரணமான சம்பவம், வசனம் எல்லாம் எழுதப்பட்ட பவுண்ட் ஸ்கிரிப்ட்டில்தான் ‘இது என்னுடையது’ என்று விரல் வைத்துக் காட்ட இடம் கிடைக்கும். ஒவ்வொரு வரைவையும் தேதியோடு தனித்தனிக் கோப்பாக வையுங்கள், பழையதன் மேல் புதியதை எழுதி அழித்துவிட வேண்டாம். கைப்பட எழுதிய நோட்டுகளையும் தூக்கிப் போடக் கூடாது. ஒரு கதை எப்படி வளர்ந்தது என்பதை அதை எழுதியவரால் மட்டுமே படிப்படியாகக் காட்ட முடியும்.

காப்புரிமை எழுதிய கணத்திலேயே தானாக வந்துவிடுகிறதே, பதிவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை. ஆனால் 48-வது பிரிவின்படி காப்புரிமைப் பதிவேட்டில் உள்ள விவரம் முதல்நோக்குச் சான்று. அதைப் பொய் என்று நிரூபிக்கும் பாரம் எதிராளி மேல் விழுகிறது. இந்தப் பலனோடு ஒப்பிட்டால் செலவு சிறியது. இலக்கியப் படைப்பு என்ற வகையில், காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14-ஐ நிரப்ப வேண்டும், கட்டணம் 500 ரூபாய். வெளியாகாத படைப்பையும் பதியலாம். விண்ணப்பித்ததும் ஒரு டைரி எண் வரும், அதைப் பத்திரப்படுத்துங்கள். யாராவது ஆட்சேபிப்பதற்காக 30 நாள் காத்திருப்பார்கள், பிறகு பரிசீலனை. சான்று கைக்கு வர மாதங்கள் ஆகலாம். தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பது பலரும் நம்புகிற வழி. அந்த உறைக்குச் சட்டம் முதல்நோக்குச் சான்று என்ற தகுதியைத் தரவில்லை.

தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தின் பதிவு இதிலிருந்து வேறுபட்டது. அது அரசுப் பதிவேடு அல்ல, என்றாலும் பலன் உண்டு. ‘சர்கார்’ படம் 2018 தீபாவளிக்கு வரவிருந்தபோது, ‘செங்கோல்’ என்ற தன் கதையை 2007-லேயே சங்கத்தில் பதிந்திருந்த வருண் ராஜேந்திரன் புகார் கொடுத்தார். தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டதால் ஒருவன் சட்டப்படி போராடுகிறான் என்ற கரு இரண்டுக்கும் பொது. அப்போது சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் இரண்டும் ஒரே கதைதான் என்று கருத்துச் சொன்னார். இயக்குநர் ஏ.ஆர். முருகதாஸ், கரு மட்டும்தான் ஒத்திருக்கிறது, திரைக்கதை தன்னுடையது என்றார். அக்டோபர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஆகி, டைட்டில் கார்டில் வருணின் பெயர் வந்தது. 11 வருடம் கழித்தும் ஒரு பதிவு எழுத்தாளனுக்கு மரியாதை வாங்கித் தந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே நடந்தது சமரசம், காப்புரிமை மீறப்பட்டதா என்பதைத் தீர்மானித்த தீர்ப்பு இல்லை. ‘எந்திரன்’ வழக்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. அந்தப் படம் தன் ‘ஜுகிபா’ கதையிலிருந்து எடுக்கப்பட்டது என்று வழக்குப் போட்டார் ஆரூர் தமிழ்நாடன். அந்தக் கதை 1996-லேயே ‘இனிய உதயம்’ இதழில் அச்சானது. தேதிக்கு அதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை. அப்படியிருந்தும் 2023-ல் அவருடைய உரிமையியல் வழக்கு தள்ளுபடியானது.

இனி இரண்டாவது கேள்வி, கதை யாரிடம் போனது என்பது. நம் சினிமாவில் கதை வாயால்தான் சொல்லப்படுகிறது. ஒரு மணி நேரம் கதை சொல்லிவிட்டு வெறுங்கையோடு படியிறங்குகிறவரிடம், சொன்னதற்குச் சாட்சி எதுவும் இருப்பதில்லை. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால் அடுத்த முறை உள்ளேயே விடமாட்டார்கள் என்பது புதியவர்களின் அச்சம். அது நியாயமான அச்சம், அதனால் வேறு வழியைச் சொல்கிறேன். சந்திப்புக்கு முன்பு, “நாளை 11 மணிக்குக் கதை சொல்ல வருகிறேன்” என்று மெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள். முடிந்த அன்று இரவே, “நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, சொன்ன கதையின் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன், இது உங்கள் பரிசீலனைக்கு மட்டும்” என்று ஒரு மெயில். இதில் யாரும் கோபித்துக்கொள்ள எதுவுமில்லை. அந்தக் கடைசிச் சொற்றொடரை மட்டும் விட்டுவிடாதீர்கள். மும்பையில் சன்டயல் நிறுவனம் ஜீ தொலைக்காட்சியிடம் நம்பிக்கையின் பேரில் ஒரு தொடருக்கான கருத்துருவைக் கொடுத்தது. பிறகு ஜீயிலேயே அதை ஒத்த தொடர் வந்தபோது, 2003-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் நம்பிக்கை மீறலையும் கணக்கில் எடுத்து அந்தத் தொடருக்கான தடையை உறுதி செய்தது. கரு வெறும் கருவாக இருந்தால் காப்புரிமை காப்பாற்றாது, நம்பிக்கையில் கொடுத்ததற்குத் தடம் இருந்தால் வேறொரு கதவு திறக்கிறது. யாருக்கு, எந்த வரைவை, எந்த நாளில், யார் மூலமாக அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். போனை மாற்றும்போது பழைய உரையாடல்களை அழித்துவிட வேண்டாம். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்பார்கள், மூலம் இருந்தால்தான் அதைத் தர முடியும்.

கதை பிடித்துவிட்டது, அட்வான்ஸ் தருகிறார்கள் என்ற நாளில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் அந்த வேலையின் பகுதியாக எழுதுவது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி முதலாளிக்கே சொந்தமாகிவிடும். உதவி இயக்குநராகச் சேருமுன் எழுதிய கதையைச் சேருமுன்பே பதிந்துவிட வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று 19-வது பிரிவு வைத்துக்கொள்கிறது. ரீமேக், டப்பிங், ஓடிடி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதிவாங்குங்கள். உரிமையை விற்ற பிறகும், கதை தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-வது பிரிவில் எழுத்தாளரிடமே தங்குகிறது.

இவ்வளவும் செய்தாலும் பெரிய நிறுவனத்தோடு சென்னைக்குப் போய்ச் சாதாரண ஆள் மல்லுக்கட்ட முடியுமா என்பது கடைசி ஆட்சேபம். சென்னைக்குப் போக வேண்டியதில்லை. 62-வது பிரிவு, வழக்குத் தொடுப்பவர் குடியிருக்கும் பகுதியின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட இடம் தருகிறது. படம் மதுரைத் தியேட்டரிலும் ஓடும் என்பதால் எதிர்த்தரப்பு இங்கே எல்லைக் கேள்வி கிளப்புவதும் கடினம். கே.கே. நகர்க்காரருக்கு மாவட்ட நீதிமன்ற வளாகம் பக்கத்திலேயே, மேலூர் சாலையில் இருக்கிறது. தாமதம்தான் ஆபத்து. ‘பில்லௌரி’ படத்துக்கு எதிராக வெளியீட்டுக்குச் சில நாட்களே இருக்கும்போது வந்தவரை, 2017-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டு செலவுத்தொகையும் விதித்தது. டீசரைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் அந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். முதலில் நோட்டீஸ். அவசர இடைக்காலத் தடை கேட்காத வணிக வழக்கென்றால், தாக்கல் செய்யும் முன் சமரசப் பேச்சு கட்டாயம் என்பதையும் அவரே சொல்வார். அவர் மேசையில் நீங்கள் வைக்க வேண்டியவை நான்கு: வரைவுகள், பதிவுச் சான்று, மெயில்கள், அந்த நோட்டு.