மங்குக்கு வைட்டமின் சி என்ன செய்யும்?

கன்னத்திலும் நெற்றியிலும் பழுப்பாகப் படரும் மங்கு, முகப்பரு ஆறியபின் தங்கிவிடும் கருமை ஆகியவற்றுக்குத் தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் பூச்சுகளுள் வைட்டமின் சி-யும் ஒன்று. நெல்லிக்காயில் உள்ள அதே பொருள்தான். “இதைப் பூசினால் நான் சிவப்பாகிவிடுவேனா?” என்று பலரும் கேட்கின்றனர். ஆகமாட்டீர்கள். அது செயல்படும் விதத்தை அறிந்தால் காரணம் விளங்கும்.

மேல்தோலின் அடியடுக்கில் நிறமிச் செல்கள் உள்ளன. அங்கே டைரோசின் என்னும் அமினோ அமிலம், டைரோசினேஸ் என்னும் நொதியால் படிப்படியாக ஆக்சிஜனேற்றம் பெற்று, மெலனின் என்னும் கருநிறமியாகிறது. நறுக்கிய வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பதும் இதையொத்த நொதியின் வேலையே. வைட்டமின் சி ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள். பாதி வழியில் இருக்கும் நிறமியை முந்தைய நிலைக்கே திருப்பிவிடுகிறது. வெயில் தோலில் உண்டாக்கும் தனி உறுப்புகளையும் தணிப்பதால், நிறமிச் செல்கள் தூண்டப்படுவதும் சற்றுக் குறைகிறது. நிறமிச் செல்களை அது அழிப்பதில்லை. மென்மையான பொருள் என்று இதனைச் சொல்வது அதனால்தான்.

அப்படியானால் எலுமிச்சையையே தேய்க்கலாமே என்று எண்ண வேண்டாம். அதன் புளிப்பு தோலை எரிக்கும். தோலில் அதன் சாறு பட்ட நிலையில் வெயிலில் சென்றால் கொப்புளம் எழுந்து, பின்னர் அந்த இடமே கறுத்துப்போவதும் உண்டு.

தூய வைட்டமின் சி-யிலும் இரு சிக்கல்கள் உள்ளன. மிகுந்த அமிலத்தன்மையில்தான் அது தோலுக்குள் நன்றாக ஊடுருவும்; ஆகவே சிலருக்கு எரியும். காற்றும் ஒளியும் பட்டால் விரைவில் கெடும். சீரம் பழுப்பு நிறமாகிவிட்டால் அதைப் பயன்படுத்துவதில் பொருளில்லை. எளிதில் எரிச்சலடையும் தோலுக்கு மக்னீசியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் போன்ற மாற்று வடிவங்கள் ஏற்றவை. அவை எளிதில் கெடுவதில்லை; தோலில் உள்ள நொதிகள் அவற்றை வைட்டமின் சி-யாக மாற்றிக்கொள்கின்றன.

1996-இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், இப்பொருள் 10 விழுக்காடு கலந்த களிம்பு பயன்படுத்தப்பட்டது. மங்கோ முதுமைப் புள்ளிகளோ இருந்த 34 பேரில் 19 பேருக்கு அவை குறிப்பிடத்தக்க அளவு வெளிறின. இயல்பான தோல் கொண்ட 25 பேரில் மூவருக்கு மட்டுமே நிறம் மாறியது. மிகையாகப் படியும் நிறமியைக் குறைப்பதே இதன் வேலை. பிறவி நிறம் நோயன்று, அதற்கு மருந்தும் தேவையில்லை.

அடியடுக்கில் தோன்றிய செல் மேலேறி உதிர ஏறத்தாழ ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். ஆதலால் இரண்டு மூன்று மாதங்களுக்குமுன் பலனை எதிர்பார்க்கலாகாது. காலையில் முகம் கழுவியபின் மெல்லியதாகப் பூசி, அதன்மேல் சன்ஸ்கிரீன் போடுங்கள். அதை விட்டுவிட்டு வைட்டமின் சி மட்டும் பூசுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றதே.

ஒரே வாரத்தில் முகம் பளிச்சிடுகிறது என்றால்தான் ஐயுற வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில களிம்புகளில் மொமெட்டாசோன், பெட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருக்கும். ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018-இல் இந்திய அரசு ஆணையிட்டும், அக்கம்பக்கத்தார் சொல்கேட்டு வாங்குவோர் குறையவில்லை. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவக்கும். நரம்பிழைபோல் இரத்தக் குழாய்கள் தெரியும். பருக்களும் முடியும் வளரும். நிறுத்தினால் எரிச்சல் மிகுவதால் மீண்டும் அதையே நாடத் தோன்றும்.

உங்கள் வீட்டில் எவரேனும் அத்தகைய களிம்பை நெடுநாளாகப் பூசிவந்தால், தாமாக நிறுத்திவிட்டு வேறொன்றைத் தொடங்க வேண்டாம். அந்தக் குழாயையும் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் வாருங்கள். பெயர் நினைவில்லாதபோது, பெட்டியில் அச்சிட்டுள்ள சேர்மானத்தைப் பார்த்தே எதை எப்படிக் குறைப்பது என்று அவரால் முடிவுசெய்ய இயலும்.