தகப்பனிடம் எப்படிக் கேட்பது?



பிறந்த குழந்தைக்கு முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் அந்த வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய 64 சதவீதத்தினரே தாய்ப்பால் மட்டும் பெற்றனர்.

தாய் தளராமல் பால் கொடுக்கக் கணவரின் துணை பெரிதும் உதவும். அவர் மனதை அறிந்தால்தான் ஏற்ற ஆலோசனை கூற முடியும். அதற்கு ஒரு கேள்விப் பட்டியல் தேவை. ஆங்கிலத்தில் இருப்பதை மொழிபெயர்த்தால் போதாதா? போதாது. ஏன் என்று பார்ப்போம்.

சொல்லும் பொருளும்

அமெரிக்காவில் உருவாகி 1999-ல் வெளியான அயோவா பாலூட்டல் மனப்பான்மைப் பட்டியலில் 17 கருத்துகள் உள்ளன. தாய் பால் கொடுக்கும்போது தகப்பனுக்குத் தான் விடுபட்டதுபோல் தோன்றும் என்பது அவற்றில் ஒன்று. இதை "ஒதுக்கப்படுகிறார்" என்று எழுதினால், ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பதே நம்மவர் நினைவுக்கு வரும். "தன்னை யாரும் கவனிப்பதில்லை என்று நினைப்பார்" என்றால் விளங்கும்.

வழக்கமும் வேறுபடும். முதல் பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்வது நம்மிடம் உண்டு. "இரவில் எழுந்து குழந்தையைத் தூக்கிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டால், தன் வீட்டில் தனியே இருந்த கணவர் "இல்லை" என்பார். அக்கறையற்றவர் என்று பட்டியல் கணக்கிடும். அவரோ வாரந்தோறும் போய்ப் பார்த்திருப்பார். "பால் பற்றவில்லை, புட்டிப்பால் கொடு" என்று பெரியவர்கள் சொன்னபோது மனைவிக்காகப் பேசியிருப்பார். அந்த உதவியை யாரும் கேட்கவேயில்லை.

சோதிக்கும் முறை

1. இருவர் தனித்தனியே தமிழாக்கம் செய்வர். பின்பு இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவர்.

2. மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவார். இது மட்டும் போதாது. "ஒதுக்கப்படுகிறார்" என்ற சொல் இச்சோதனையில் பிழையின்றித் தேறிவிடும்!

3. மருத்துவர், செவிலியர், மொழி அறிந்தோர் கூடி, ஒவ்வொரு கேள்வியும் நம் குடும்பங்களுக்குப் பொருந்துமா என்று ஆராய்வர்.

4. சில தகப்பன்மாரிடம் வாசித்துக்காட்டி, "இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்பர். மறைந்த பிழைகள் இங்கேதான் வெளிப்படும்.

5. பின்பு அதிகமானோரிடம் கேட்டு, விடைகள் ஒன்றோடொன்று இசைகின்றனவா என்று கணக்கிடுவர். கிரான்பாக் ஆல்பா எனும் அளவு 0.70 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்பர். சில வாரங்கள் கழித்து அவர்களிடமே மறுபடியும் கேட்பதுண்டு.

ஆனால் பழுதான தராசும் ஒவ்வொரு முறையும் ஒரே எடையைக் காட்டக்கூடும். எனவே அதிக மதிப்பெண் பெற்ற தகப்பன்மாரின் குழந்தைகள் உண்மையிலேயே அதிக நாள் தாய்ப்பால் பெற்றார்களா என்றும் பின்தொடர்ந்து பார்க்கவேண்டும்.

இந்த உழைப்பு ஏன்?

கட்டடம்போல இவ்வேலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தவறான கேள்வியை நம்பி, "தகப்பன்மாருக்கு அக்கறையில்லை" என்று முடிவுசெய்தால், அவர்களை அழைக்காமலே வகுப்புகள் நடக்கும். செலவிடும் பணமும் நேரமும் வீணாகும். வீட்டில் தனித்து நிற்பவள் தாயே.

கலந்து பேச:

- நம் சபையிலுள்ள இளம் தகப்பன்மார் செய்யும் எந்த உதவி பிறர் கண்ணில் படுவதில்லை?

- அதை அறிய நாம் எந்தச் சொற்களில் கேட்போம்?