வீதியில் வளரும் செல்வங்கள்

களத்தில் நெல்லைத் தூற்றும்பொழுது சில மணிகள் புறத்தே சிதறி விழும். அறிவுடைய உழவன் அவற்றைப் பதரென்று தள்ளான்; கூட்டி எடுத்துப் புடைத்துக் குதிரில் சேர்ப்பான். நாட்டின் மக்கட்செல்வமும் அத்தகையதே. வீட்டை இழந்தும், வீட்டை விட்டு நீங்கியும் வீதியில் வாழும் சிறுவர் சிதறிய நெல்மணிகள் ஆவர், பதர் ஆகார்.

இவர்கள் வீதிக்கு வரக் காரணங்கள் பல. மழை பொய்த்தமையால் பிழைப்புத் தேடி நகர்க்கு வந்த குடும்பத்தார் சிலர் நடைபாதையிலேயே குடியிருக்கின்றனர். பெற்றோரை இழந்த சிறுவர் சிலர். குடிவெறி கொண்ட தந்தையின் அடிக்கு அஞ்சி ஓடி வந்தோர் சிலர். புகைவண்டி ஏறிப் பெருநகரை அடையும் சிறுவனுக்கு அந்நிலையமே வீடாகிறது. அவன் பழந்தாளும் புட்டியும் பொறுக்குகிறான்; உணவு விடுதியில் எச்சில் தட்டுக் கழுவுகிறான். நாள்முழுதும் உழைத்துப் பெற்ற காசை வைத்துக்கொள்ள அவனுக்குப் பெட்டி இல்லை. உறங்கும்பொழுது வலியவர் பறித்துக்கொள்வர். நோயுற்றால், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வாரும் இல்லை.

“இச்சிறுவரால் ஊருக்குத் தீங்கே விளைகிறது” என்று கூறுவோர் உளர். தீயோர் கையில் சிக்கித் திருட்டிலும் போதைப் பழக்கத்திலும் வீழ்வோர் சிலர் உண்டு என்பது மெய்யே. ஆனால், அக்குற்றம் யாருடையது? பசித்தபொழுது நல்லோர் கை நீளாமையால் அன்றோ தீயோர் கை நீண்டது? சிலரைப் பிடித்து இல்லங்களில் அடைத்ததும் உண்டு. அன்பில்லாத இல்லத்தின் சுவரேறிக் குதித்து, அவர்கள் மீண்டும் வீதிக்கே ஓடினர்.

மும்பை நகரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியையாக விளங்கியவர் ஜெரு பில்லிமோரியா. அவர் புகைவண்டி நிலையங்களிலும் இரவுத் தங்குமிடங்களிலும் வாழ்ந்த சிறுவருடன் அன்புடன் பழகினார். இடுக்கண் நேர்ந்தபொழுதெல்லாம் அவர்கள் இரவென்றும் பாராமல் தொலைபேசியில் அவரை அழைத்தனர். ஒருவர் வீட்டுத் தொலைபேசி ஒரு மாநகரத்துச் சிறுவர் அனைவர்க்கும் போதுமோ? ஆதலின், 1996-ஆம் ஆண்டில், காசின்றி அழைக்கத்தக்கதும், 24 மணி நேரமும் இயங்குவதுமாகிய தொலைபேசி உதவியொன்றை அவர் தோற்றுவித்தார். அதன் எண் 1098. எழுத்தறியாச் சிறுவனும் ‘பத்து, ஒன்பது, எட்டு’ என இறங்குமுகமாக எண்ணி அதனை நினைவிற் கொள்ளலாம்.

இப்பணியில் வியத்தற்குரியது மற்றொன்று உண்டு. அழைப்பை ஏற்று விரைந்து சென்றவருள் வீதியில் வளர்ந்த இளைஞரும் இருந்தனர். நிலையத்தின் எந்த மூலையில் சிறுவர் ஒதுங்குவர், அஞ்சியவன் எதனைச் சொல்வான், எதனை மறைப்பான் என்பவற்றை அவர்கள் பட்டறிந்திருந்தனர். நேற்று உதவி வேண்டி நின்றவன் இன்று உதவுவோன் ஆயினான். சாலையும் பாலமும் மட்டும் சமுதாய வளர்ச்சி ஆகா. இம்மாற்றமே உயர்ந்த வளர்ச்சி.

நாளடைவில் மைய அரசின் துணையுடன் இவ்வுதவி நாடெங்கும் பரவியது. இன்று அரசே அதனை நடத்துகிறது, எண் மாறவில்லை. சட்டமும் இச்சிறுவர்க்குத் துணை நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள சிறுவரை வயதுச் சான்று இல்லை எனக் கூறிப் பள்ளியிற் சேர்க்க மறுத்தல் கூடாது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, காப்பாரின்றி மீட்கப்பட்ட சிறுவனை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்துதல் வேண்டும்.

எனினும், சட்டம் தானே நடந்து சென்று ஒரு சிறுவன் கையைப் பற்றாது. அதற்கு மனிதர் வேண்டும். வழியில் தனித்து அழும் சிறுவனைக் காணும் மாணவன் பெரியோரிடம் கூறலாம். 1098 என்ற எண்ணை அழைக்கலாம். அச்சிறுவன் நாளை வகுப்பறைக்கு வந்தால், அவனுடைய பழைய உடையைக் கண்டு நகையாது, தன் பலகையில் சிறிது நகர்ந்து இடம் கொடுக்கலாம். அவ்விடமே அவன் ஊருக்குத் திரும்பும் முதற்படி ஆகும்.