இஷாப்பூர் முத்திரையும் எங்கள் ஊர் லேத்தும்

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டிக்குப் போகிற வழியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், எனக்கு மச்சான் முறை. போர்வெல் வண்டி ஷாஃப்ட்டும் டிராக்டர் புஷ்ஷும் கடைகிற பட்டறை. போன மாதம் அவர் மகன் செல்போனை நீட்டினான். அமெரிக்கர் ஒருவர் பழைய பட்டாளத் துப்பாக்கியின் கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுக் கட்டை போட்டு, மேலே தொலைநோக்கி மாட்டி, மான் வேட்டைக்குத் தயார் செய்கிறார். பையன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். இரும்பில் ஆர்.எஃப்.ஐ. (ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) என்ற முத்திரை, அதற்குக் கீழே 1967.

"நம்ம நாட்டுத் துப்பாக்கிங்க மாமா. டிஸ்போசல்ல ஜீப் எடுத்து ரெடி பண்றோம். இது முடியாதுங்களா?"

கை இருக்கிறது, மிஷின் இருக்கிறது. சட்டம்தான் விடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் உதிரி பாகமும் ஆயுதம்தான். வெறும் குழலை மட்டும் வைத்திருந்தாலும் கேள்வி வரும். உரிமம் இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு சிறை, போகப்போக ஆயுள்வரை. போதாததற்கு .303, 7.62 மில்லிமீட்டர் இரண்டும் பட்டாளத் தோட்டாவின் அளவு என்பதால் தடை செய்யப்பட்டவை. வீடியோவில் இருந்தது 7.62 அளவில் இஷாப்பூர் செய்த 2ஏ1. சீனப் போருக்குப் பிறகு வந்தது. பழசானதும் கப்பலேறி அமெரிக்கக் கடைகளுக்குப் போனது. அங்கே அதைச் சாதாரண ஆள் வாங்கலாம். செய்த நாட்டில் முடியாது.

சட்டத்தை விடுங்கள், லேத்காரனுக்குப் புரிகிற காரணம் ஒன்று உண்டு. ஒரு துப்பாக்கியின் போல்ட் இன்னொன்றில் நுழையும், மூடும், சரியாக இருப்பதுபோலவே தெரியும். ஆனால் தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளி கொஞ்சம் கூடினால் பித்தளைக் கூடு கிழிந்து, கொதிக்கிற வாயு சுடுகிறவன் முகத்துக்கே திரும்பும். அதனால்தான் பட்டாளத்தில் போல்ட்டிலும் துப்பாக்கியிலும் ஒரே எண்ணைக் குத்தி வைத்தார்கள். ஏலத்தில் குவியலாக வரும் பாகங்களில் ஜோடி எங்கே தேடுவது?

சரி, பட்டாளச் சாயலில் துப்பாக்கி வேண்டும் என்கிறவருக்கு வழியே இல்லையா? உண்டு, அரசாங்கமே அதைச் செய்து வைத்திருக்கிறது. .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள். .303 தனியார் கையில் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்தபோது, பர்மிங்ஹாம் கம்பெனிகள் அதே லீ போல்ட் அமைப்பை வைத்து, தோட்டாவை மட்டும் ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கருக்கு மாற்றி இந்தியாவில் விற்றன. சுதந்திரத்துக்குப் பிறகு அதையே இஷாப்பூர் தொடர்ந்தது. .30-06 அளவிலும் ஒரு ரைஃபிள் அங்கே செய்கிறார்கள். ஆக அந்த அமெரிக்கர் வீட்டில் செய்கிற வேலை இங்கே தொழிற்சாலையிலேயே முடிந்து, ரசீதோடு வருகிறது.

இதை யார் எடுக்கலாம்? என் கணக்கில், வீட்டில் ஏற்கெனவே இருந்தால் மட்டும். அப்பாவுக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, அவர் 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2016 விதிகள் சொல்கின்றன. மனு நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்கு. அதோடு, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். புதிதாக வாங்குகிறவருக்கு நான் சொல்வது: தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், இருக்கிற தோட்டாவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், சுடுவதற்கோ இடம் கிடையாது. வருடத்தில் இரண்டு தடவை எண்ணெய்த் துணியால் துடைப்பதற்கு ரைஃபிள் எதற்கு?

காட்டுப்பன்றிக்கு என்பார்கள். போதமலை அடிவாரத்தில் குச்சிக்கிழங்கு போட்டவர்களின் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். ஆனால் 2025 தொடக்கத்தில் வந்த அரசாணைப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டிய இடத்தில்தான் பன்றியைச் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள். நம் கையில் இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் இருந்தாலும் சரி, .315 இருந்தாலும் சரி, நாம் சுட்டால் வழக்குத்தான். நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மிச்சம் இருப்பது குறி பார்க்கிற விளையாட்டு. .22 நல்லதுதான், ஆனால் உரிமமும் கிளப் உறுப்பினர் அட்டையும் இல்லாமல் பக்கத்தில் போகமுடியாது. முதலில் தொடவேண்டியது 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள். 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. (அதை எடுத்துக்கொண்டு மடையான், புறா என்று தோப்பில் அலைந்தால் வன உயிரினச் சட்டம் பிடித்துக்கொள்ளும்.) இது பொடிப்பசங்க விளையாட்டு என்று யாராவது சிரித்தால், பத்து மீட்டர் இலக்கு அட்டை ஒன்றைக் காட்டுங்கள். நடுவில் பத்து மதிப்பெண் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர், பேனா முனை வைத்த அளவு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போனது இந்தப் புள்ளியைச் சுட்டுத்தான்.

அதிலும் இரண்டு வகை. குழலை ஒடித்து ஸ்பிரிங்கை அமுக்குவது விலை குறைவு, வீட்டோடு பழகலாம். ஆனால் விட்டதும் ஸ்பிரிங் முன்னும் பின்னும் உதைக்கும். பிடி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் குறி அலையும். காற்றை நிரப்பி வைக்கிற பி.சி.பி. உதைக்காது, போட்டிக்கு அதுதான். "நம்ம ரிக் கம்பிரசர்லயே நிரப்பிக்கலாமே" என்றான் பையன். ரிக் தருவது இருபது, இருபத்தைந்து பார். இதற்கு வேண்டியது இருநூறு. காய்ந்த, எண்ணெய் வாடை இல்லாத காற்று. கைப்பம்பு இல்லையென்றால் முக்குளிப்பவர்களின் சிலிண்டர்தான்.

எது வாங்கினாலும், சேலத்திலோ கோவையிலோ ஒரு கிளப்பில் மூன்று மாதம் அவர்கள் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். பையன் தலையாட்டினான். அவன் கை சும்மா இருக்காதே. ரவை திரும்பித் தெறிக்காமல் பிடிக்கிற பெட்டி ஒன்று 3 மில்லிமீட்டர் தகட்டில் செய்து வைத்திருக்கிறான். பின்தகடு சாய்ந்து, விழுகிற ஈயத்துக்குக் கீழே ஒரு தட்டோடு. துப்பாக்கி இன்னும் வரவில்லை. இப்போதைக்கு அந்தத் தட்டில் அவன் அப்பாவின் டிரில் பிட்டுகள் கிடக்கின்றன.