பனிக்காலத்தில் கவாத்து

இமாசலப் பிரதேசத்தின் கோட்கர் மலைச்சரிவுகளில், டிசம்பர் இறுதியில் ஆப்பிள் மரங்கள் இலைகளை முற்றிலும் உதிர்த்து நிற்கின்றன. பட்டமரம்போல் தோன்றினும் அது உறக்கமே. உணவுச் சேமிப்பு வேரிலும் தண்டிலும் ஒடுங்கியிருப்பதால், கவாத்து செய்ய உகந்த காலம் இது.

எதை வெட்டுவது என்பதில்தான் விவேகம் தேவை. நோயுற்ற கிளையும், ஒன்றோடொன்று உரசும் கிளையும் அகற்றப்பட வேண்டியவை, இதில் ஐயமில்லை. நேர்மேலாக ஓங்கிய கொழுத்த கிளை கண்ணைக் கவரும். ஆனால் அது பெருக்குவது பெரும்பாலும் நிழலையே. சுருக்கம் விழுந்து அழகற்றிருக்கும் குறுங்கிளைகளே ஆண்டுதோறும் காய்ப்பவை. பழகாத கை, ஐயோ, இவற்றையே முதலில் கழித்துவிடுகிறது! இழந்தவை மீண்டும் உருவாக 2, 3 ஆண்டுகள் ஆகும்.

அளவு மீறி வெட்டுவதும் பிழையே. வேரின் சேமிப்பு முழுவதும் எஞ்சிய சில மொட்டுகளில் பாய, வசந்தத்தில் அதே நெட்டைக் கிளைகள் முன்னிலும் மிகுதியாக எழுகின்றன.