ரப்பர் வளையமும் எர்த் கம்பியும்

பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய கடைகளில் மேசையே அதிரும். அதனால் நம் பற்று வரவு முழுவதும் அடங்கிய ஹார்டு டிஸ்க்கை மெக்கானிக்குகள் ரப்பர் வளையத்தில் மாட்டித் தருகிறார்கள். நல்லதுதான். (எஸ்.எஸ்.டி. என்றால் சுழலும் தட்டு இல்லை, ரப்பரே வேண்டாம்.)

"ரப்பரில் உட்கார்ந்தால் எர்த் போய்விடாதா?" என்று கேட்பது நியாயமே. டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் ஒயரில் மஞ்சள், சிவப்பு போகக் கறுப்புக் கம்பிகள் உள்ளன. அவைதாம் அதன் எர்த். பவர் சப்ளை பெட்டி வழியாக அவை கேபினெட்டையும், பிளக்கின் தடித்த பின்னையும் சேர்கின்றன. மேலும் உறுதி வேண்டுமானால், டிஸ்க்கின் ஸ்குரூ ஒன்றிலிருந்து கேபினெட்டுக்கு மெல்லிய ஒயர் கொடுக்கலாம். தளர்வாக இருக்கட்டும், இழுத்துக் கட்டினால் அதிர்வு அதன் வழியே ஏறிவிடும், ரப்பர் வாங்கிய காசு தண்டம்.

உண்மையான ஓட்டை சுவரில்தான். பல கடைகளில் பிளக் பாயிண்டின் மூன்றாம் துளை வெறும் துளை! அப்போது கேபினெட்டில் 230 வோல்ட்டில் பாதியளவு வரை தேங்கி நிற்கும், தொட்டால் சுருக்கென்கும். டிஸ்க்கும் அதே நிலையில்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். நியூட்ரலோடு முடிச்சுப் போட்டால் போதும் என்பவரிடம் வேலையை விடாதீர்கள். கோடையில் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றவும் மறக்க வேண்டாம்.