குடும்பத்துக்கு எந்தப் பிக்கப்? புனேவாசிகளுக்கு ஐந்து படிகள்

புனேயில் வீடு, முல்ஷியிலோ மாவளிலோ கொஞ்சம் நிலம். பிள்ளைகளும் உர மூட்டையும் ஒரே வண்டியில் போக வேண்டும். இப்படிப்பட்ட குடும்பங்கள்தான் பிக்கப் தேடுகின்றன. அமெரிக்காவில் ஹெவி டியூட்டி என்று ஓடும் ஃபோர்டு எஃப்-250 போன்றவற்றைக் கம்பெனிகள் இங்கே விற்பதில்லை. நமக்கு இருப்பவை இரண்டு வகை. ஒன்று, இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற நடுத்தர டபுள் கேப். மற்றது, மஹிந்திரா பொலேரோ கேம்பர், டாடா யோதா க்ரூ கேப் போன்ற லோடு வண்டி. இரண்டிலும் ஐந்து பேர் உட்காரலாம். அதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

1. சுமையை எழுதுங்கள்
ஒரு மாதம் என்னென்ன ஏற்றுவீர்கள், எத்தனை கிலோ, எத்தனை தடவை என்று பட்டியல் போடுங்கள். நாற்று, சைக்கிள், கூடாரம் என்றால் நடுத்தர வண்டியே தாராளம். வாரந்தோறும் 50 கிலோ மூட்டை பத்து, பதினைந்து என்றால் லோடு வண்டிதான் தாங்கும். கேம்பர் 1,000 கிலோ வரை ஏற்றும்.

2. ஆர்.சி. கணக்கைப் பாருங்கள்
மொத்த எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழியுங்கள். மீதிதான் நீங்கள் ஏற்றக்கூடியது. பயணிகளும் அதில் அடக்கம். பெரியவர்கள் ஐந்து பேர் ஏறினாலே சுமார் 350 கிலோ ஆகிவிடும்.

3. போர்டைக் கேளுங்கள்
இந்தப் படியை எந்தக் குடும்பமும் தாண்டிப் போகக் கூடாது. வி-கிராஸும் ஹைலக்ஸும் வெள்ளை போர்டில் சொந்த வண்டியாகப் பதிவாகும். லோடு வண்டி மஞ்சள் போர்டு. முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். 2022 கட்டணப்படி மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 7,500 கிலோ வரையான சரக்கு வண்டிக்கு ரூ.16,049; 1,500 சி.சி.க்கு மேற்பட்ட சொந்தக் காருக்கு ரூ.7,897.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சரக்கு வண்டியில் கட்டணமின்றிப் பயணம் செய்பவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பின்சீட்டில் உட்காரும் உங்கள் பிள்ளைகளுக்குப் பாலிசியில் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

4. பார்க்கிங்கை அளந்து பாருங்கள்
வி-கிராஸும் ஹைலக்ஸும் ஏறக்குறைய 5.3 மீட்டர் நீளம். உங்கள் சொசைட்டியில் ஒதுக்கிய இடம் ஐந்து மீட்டர் என்றால் மூக்கு வெளியே நீட்டும். டேப்பை எடுத்துக்கொண்டு போய் இடத்தையும், ரேம்ப்பின் வளைவையும் அளந்து பாருங்கள். சதாசிவ் பேட் போன்ற பழைய பேட்டைகளின் சந்துகளில் அடிக்கடி நுழைபவர்கள் ஒரு தடவை ஓட்டியே பார்த்துவிடுங்கள்.

5. பின்சீட்டில் உட்காருங்கள்
டெஸ்ட் டிரைவில் ஓட்டுபவரின் சுகம் மட்டும் போதாது. வீட்டுப் பெரியவரைப் பின்னால் உட்கார வைத்து, ஸ்பீட் பிரேக்கர் நிறைந்த சாலையில் காலி வண்டியை ஓட்டுங்கள். சுமைக்காகவே விறைப்பாக அமைத்த பட்டை ஸ்பிரிங், லோடு இல்லாதபோது தூக்கிப் போடும். முதுகு சாயும் கோணம், ஏறும் உயரம், ஏர்பேக் எண்ணிக்கை, குழந்தை இருக்கை மாட்டும் கொக்கி எல்லாவற்றையும் பாருங்கள். மழைக்காலத்தில் தாம்ஹிணி காட் ஏறுபவர்கள் நான்கு சக்கர இயக்கம் உள்ளதைக் கேளுங்கள். பின்பாரம் இல்லாத பிக்கப் ஈரத்தில் எளிதாக வழுக்கும்.

முடிவு
வாரம் முழுக்க ஆட்கள், எப்போதாவது சாமான் என்றால் நடுத்தர டபுள் கேப் எடுங்கள். வாரம் முழுக்கச் சாமான் என்றால் லோடு வண்டி எடுங்கள், ஆனால் குடும்பத்துக்குத் தனியாக ஒரு சின்னக் கார் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் பாரம் ஏற்றுவீர்கள் என்றால் பிக்கப்பே வேண்டாம். அந்த நாளுக்கு வாடகை டெம்போ போதும்.